டிரைவர் பக்கத்துத் தகடு

வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. நன்றாக ஓடுகிற பிக்கப் வண்டியைத் தூக்கி நிறுத்தி, யானைக்கால் பருமனுக்கு டயர் மாட்டிக்கொண்டு, பிறகு ஏறத் தெரியாமல் கதவைப் பிடித்துத் தொங்குவார்கள். எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்பார்கள். யார் பார்க்க என்று கேட்டால் முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் அவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு ஸ்பேனரை எடுப்பேன்.

வேலை என்று வந்துவிட்டால் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்கு அளவெடுக்கும்போது அதை ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு நேரமில்லை, என்னை அனுப்பினார் என்று யாராவது வந்தால், உங்கள் சட்டைக்கு அவரை அனுப்பியா அளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். காரணம் இல்லாமல் இல்லை. தினமும் ஒரே ஆள் ஒரே பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் வண்டி அந்தப் பக்கம் இறங்கும். ஒல்லியான ஆள் என்றால் கண்ணுக்குத் தெரியாது. கனத்த ஆள் என்றால், வண்டி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு போவது பின்னால் வருகிறவனுக்கே தெரியும். ஆள் உள்ளே இருக்கும்போது, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்ட வேண்டும். அதுதான் என் கணக்கு.

மாமா கனத்த ஆள். மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அவர் ஏறி உட்கார்ந்தால் பிக்கப் ஒரு முனகல் முனகிவிட்டுத்தான் அடங்கும். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற கோழிப் பண்ணைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றிப் போவது அவர் தொழில். மூட்டை கனமா, ஆள் கனமா என்று பண்ணைக்காரர்கள் கேட்பார்கள். அவரும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். வண்டி அவர் பக்கமே சாய்ந்து டயர் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கியதும், நான் இரும்பில் ஒரு வட்டத் தகடு வெட்டி, துளை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து, டிரைவர் பக்கத்து முன் ஸ்பிரிங்கின் தலையில் வைத்து முடுக்கினேன். சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். அது அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். மாமா உட்கார்ந்ததும் வண்டி சமமாகிவிடும்.

ஆனால் அவர் இறங்கிவிட்டால் டிரைவர் பக்கம் எழும்பி நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒற்றைப் புருவத்தை உயர்த்திக்கொண்டு யாரடா நீ என்று கேட்பதுபோல் இருக்கும். புருவம் என்று பெயர் வைத்தது பக்கத்துக் கொட்டகை வெல்டர் அண்ணன். மாமாவுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. யார் வந்தாலும் வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, "கோவமா இருக்கான் பாருங்க, இப்ப சமாதானம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்காருவார். புருவம் இறங்கும். இறங்கி வருவார், புருவம் ஏறும். வளர்ந்த குழந்தை.

அவரிடம் அக்காவுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எங்கே போனாலும் வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்க மாட்டார். ரேடியோவில் பாட்டு முடியட்டும் என்பார். பாட்டு முடிந்தால் விளம்பரம் முடியட்டும் என்பார். அக்கா சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இறங்குங்க, வந்துட்டோம், இறங்குங்க என்று நச்சரிக்க வேண்டும். புருவ வேடிக்கை காட்டும்போது தவிர, கல்யாணமான நாளிலிருந்து அவள் திறந்துவிடாமல் அவர் இறங்கியதை நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தின் கடைசியில், ஒரு பிற்பகல், அவர் ஓடையைக் கடக்கப் போனார். அந்த இடத்தில் ஓடைக்குப் பாலம் கிடையாது, வெகுதூரம் மேலே போனால்தான் உண்டு. படுக்கையில் கிடக்கிற பாறைகளுக்கு நடுவே வண்டித் தடம் ஒன்று குறுக்காகப் போகும். வானம் இருண்டு கிடந்ததால் ஹெட்லைட் போட்டிருந்தார். அக்கரைப் பண்ணையின் காவலாளி மூட்டையை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றிருந்தான். இரண்டு விளக்குகள் ஓடையில் இறங்கி வருவதைப் பார்த்தானாம். நடுவில் ஒரு பாறை விளிம்பில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. மேலே எங்கோ பெய்த மழைத் தண்ணீர் அந்த நேரம் பார்த்துச் சேர்ந்து வந்தது. வண்டி முழுகிய பிறகும் விளக்குகள் அணையவில்லை, தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தன என்று காவலாளி சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வண்டி கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை. ஓடை கலக்கிற ஆறுவரை ஆட்கள் போய்த் தேடினார்கள். அவருடைய ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவு சாத்தியபடியே இருந்தது.

அக்கா அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், நான் அழுதேன், வெல்டர் அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தார். அவள் எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்தாள். மருந்துக்கடை வேலைக்குத் திரும்பப் போனாள். மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால், இருக்கிறவரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினாள். அவருக்குக் காரம் ஆகாது. அவர் அந்த மாதிரி ஆளில்லை. கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் திருத்தவில்லை. எனக்கு அவள் ஒருத்திதான். அம்மா அப்பா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும் அவள்தான், கன்னத்தில் அறைந்து பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவள்தான்.

வண்டியை நான்தான் கழுவி, இன்ஜினைப் பிரித்துச் சேற்றை எடுத்து, உயிர் கொடுத்து, அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். விற்றுவிடு என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளே வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். ஓட்டச் சொல்லிக்கொடுத்தது மாமாதான், அந்த நாட்களில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை என்பது வேறு கதை. சீட்டை மாமா வைத்த இடத்திலிருந்து அவள் நகர்த்தவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கொடுத்து, கால் எட்டாமல் எட்டி எட்டி ஓட்டினாள். நகர்த்தினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அவர் வந்தா திரும்பப் பின்னாடி தள்ளணும், வேலை என்றாள்.

வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை அதே வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வண்டிய உயரமாக்கணும். டயரும் பெருசாப் போடு," என்றாள்.

பார்க்க நன்றாக இருக்கவா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எதற்கு என்றேன். ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்றாள். வெள்ளம் போன பிறகு கல்லெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறதாம், இப்போது இருக்கிற உயரத்துக்கு வண்டி போகாதாம், போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் மேலே பாலத்து ரோடு இருக்கிறது, சுற்றிக்கொண்டு போ, நானே கூட்டிப் போகிறேன் என்றேன். பாலத்து வழியாக வேண்டாம் என்றாள். அக்கரையில் உனக்கு என்ன வேலை என்றேன். இருக்கிறது என்றாள்.

நான் கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவள் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், நீ செய்யாவிட்டால் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறவனிடம் போகிறேன் என்றாள். அவன் இரும்புக் கட்டைக்குப் பதிலாக மரக்கட்டை வைத்துத் தூக்குகிற புண்ணியவான். அவன் தூக்கிய வண்டியில் நான் கோழியைக்கூட அனுப்ப மாட்டேன். சரி, விட்டுவிட்டுப் போ என்றேன். நாளைக் கடத்திக்கொண்டே போனால் அடுத்த மழை வந்துவிடும், ஆசையும் அடங்கிவிடும் என்று மனதில் கணக்குப் போட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக் கடத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டி சிமென்ட் தரையில் நின்றது. தரை மட்டம் பார்த்துப் போட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றினால்கூட ஓடாது. டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து குனிந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. நிமிர்ந்து இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தேன்.

புருவம் இல்லை.

உள்ளே யாரும் இல்லாமல் வண்டி சமமாக நின்றது. டேப்பைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. வண்டியை அமுக்கிவிட்டு, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, மறுபடி பிடித்தேன். அதே அளவு. தகடு விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நான் வைத்த தகடு வைத்த இடத்தில் இருந்தது, பெயின்ட்கூடப் போகவில்லை.

வெல்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீரில் கிடந்த வண்டி, ஸ்பிரிங் செத்திருக்கும் என்றார். நியாயம்தானே என்று எனக்கும் மூச்சு வந்தது. இரண்டு முன் ஸ்பிரிங்கையும் கழற்றி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். ஒரே உயரம். வாங்கிய அன்றைக்கு நின்றதுபோல் நின்றன. சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கும் என்றார் அண்ணன். மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தோம், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. எங்காவது மண் புகுந்து கனக்கிறது என்றார். கதவு ஓரம், சீட்டுக்கு அடி, தரை விரிப்புக்கு அடி எல்லாம் பிரித்தோம். எல்லாம் நான் ஏற்கனவே சுரண்டி எடுத்தது, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

கடைசியில் ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். தகடு மட்டும் டிரைவர் பக்கத்திலேயே. கோளாறு ஸ்பிரிங்கில் இருந்தால் அதுவும் சேர்ந்து பக்கம் மாற வேண்டும். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினோம். வண்டி மெல்லத் தரையில் அமர்ந்தது. டிரைவர் பக்கம் முதலில் எழும்பித்தான் நின்றது. புருவம் ஏறிவிட்டது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், யாரோ நிதானமாக ஏறி உட்கார்ந்ததுபோல், அந்தப் பக்கம் ஒரு முனகலோடு கீழே இறங்கிச் சமமானது.

அண்ணன் கையுறையைக் கழற்றினார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். சட்டம் சட்டம்தான், ஓட்டுகிறவர் உள்ளே இருக்க வேண்டும். ஏறி உட்காரச் சொன்னேன். அவள் சீட்டில் நடுவாக உட்காரவில்லை. பஸ்ஸில் பெரிய ஆளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் உட்காருவதுபோல், கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். டேப்பைப் பிடித்தேன். டிரைவர் பக்கம் தாழ்ந்திருந்தது. அவள் ஒருத்தி கனத்துக்கு, தகடு தூக்கிய பக்கம் சமமாகக்கூட இறங்கியிருக்கக் கூடாது. பிடியை விட்டுவிட்டேன், டேப் சுருண்டு உள்ளே போய்விட்டது.

ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது. அதற்குப் பதிலாக, வேலைக்காகப் பேசுவதுபோல், உயரத்துக்கு வைக்கிற வளையமும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும், அதனால் பழைய தகட்டை எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்காதே என்றாள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் போல்ட் பத்தாது என்றேன். நீளமான போல்ட் போடு என்றாள். ஒற்றைக் காலில் நின்றாள். நான் டேப்பைத் தரையில் வீசிவிட்டு, உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

"நீ மட்டும்தான் கண்டுபிடிச்சேன்னு நினைச்சியா?" என்றாள் அக்கா. "வாசல்ல நீ கொண்டாந்து விட்ட அன்னிக்கே பாத்துட்டேன். புருவம் இல்ல. அவர் இன்னும் இறங்கல."

வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, மாமா போயிட்டாருக்கா."

"எங்க போனார்? பாதி வழியில நிக்கிறார். இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. அவர் இறங்காம நான் எப்படிடா அழறது?"

அவள் அதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாளாம். வீடு வந்துவிட்டது, இறங்குங்கள் என்று சொல்வாளாம். அக்கம்பக்கத்தார் பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொள்வாளாம். வண்டி அசையவே இல்லை. அவர் அன்றைக்குக் கிளம்பியது வீட்டுக்கு இல்லையே, எடுத்த சவாரியை முடிக்காமல் அவர் எப்போது இறங்கியிருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகுதான் ஓடையைப் போய்ப் பார்த்தாளாம்.

என் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"இறங்கறதுக்கு இல்லாம, உன்னக் கூட்டிட்டுப் போறதுக்கு உக்காந்திருந்தா?"

அக்கா சிரித்தாள். மாமா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல். மூட்டை ஏற்ற ஆள் இல்லாதபோதுகூட அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டதில்லை, இதற்கா கூப்பிடப்போகிறார் என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. அப்படியே கூட்டிப்போனாலும் அது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது என்றாள். அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது. எனக்கும் உனக்கும் நடுவில் ஒன்றும் இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் இறங்கி வந்து, கிரீஸ் படிந்த என் தலையில் கையை வைத்து, செய்துகொடு என்றாள்.

செய்தேன். பயத்தோடு செய்த வேலையானாலும் அந்த மாதிரி வேலை அதற்கு முன்பும் நான் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. முன்னால் வளையம் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் மட்டும் வளையத்தின் மேல் பழைய தகட்டையும் வைத்து, நீளமான போல்ட் போட்டேன். பின்னால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங் கட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்தேன். அதை அண்ணன் வெல்டிங் இல்லாமல் ஒரே கட்டியாக அறுத்துக்கொடுத்தார், என் கண்ணைப் பார்க்காமல். பிரேக் ஹோஸ் இழுபடாமல் நீளமானதாக மாற்றினேன். தண்ணீர் புகாமல் இருக்க, இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற குழாயைக் கூரைவரை ஏற்றினேன். பெரிய டயர்களை மாட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வண்டி நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நின்றது. சமமாகத்தான் நின்றது. வேலை செய்கிற நேரமெல்லாம், மாமா கொஞ்சம் தள்ளிக்குங்க, மாமா ஜாக்கிய இறக்கப்போறேன் என்று நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

ஓடைக்குப் போன அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே, ஆனால் இழுப்பு இருந்தது. என் பழைய லாரியைக் கரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அதன் இழுவை உருளையிலிருந்து இரும்புக் கயிற்றை எடுத்து அக்கா வண்டியின் பின் கொக்கியில் மாட்டினேன். நானும் கூட வருகிறேன் என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். உள்ளே இடம் இல்லை என்றாள். தமாஷா, நிஜமா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. தலையணையைச் சரி செய்துகொண்டு, கதவோரமாக ஒடுங்கி, கியரைப் போட்டாள்.

பெரிய டயர்கள் தண்ணீரில் இறங்கின. கல் மேல் ஏறி, இறங்கி, தள்ளாடி, நான் சொல்லிக்கொடுத்தபடி நிற்காமல் மெதுவாகப் போனாள். கயிறு என் உள்ளங்கை வழியாக ஓடியது. அந்தப் பாறை விளிம்பு வந்தது. அங்கே வண்டி நின்றுவிட்டது.

வயிறு தட்டவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாறைக்கு மேலே நன்றாக இடைவெளி இருந்தது. இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி டிரைவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது, சாய்ந்துகொண்டே போனது. தண்ணீர் கதவின் அடியைத் தொட்டது. பட்டப்பகலில் ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. அவள் போட்டாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அக்கா என்று கத்தினேன், ஓடை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. கயிற்றை இழுத்துவிடலாமா என்று லாரியின் இழுவைக் கைப்பிடியைப் பிடித்தேன். இழுத்தால் அவள் இந்தப் பக்கம் வந்துவிடுவாள். பிறகு ஆயுசுக்கும் அந்த வண்டியில் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, மாமா, விட்ருங்க மாமா என்று அழுதேன்.

பின் கண்ணாடி வழியாக அவள் பக்கத்தில் திரும்பி ஏதோ பேசுவது தெரிந்தது. நீளமாகப் பேசினாள். திட்டுவதுபோல் ஒரு கையை ஆட்டினாள். வண்டி நிமிர்ந்தது. டயர் பாறையைப் பற்றியது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அக்கரையில் ஏறியது.

மேட்டில் நிறுத்திவிட்டு அக்கா இறங்கினாள். கயிற்றைக் கழற்றிவிட்டாள். பிறகு திரும்பிப் போய் டிரைவர் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் உதடு அசைவது எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். வெகுநேரம் நின்றாள். ஒரு பாட்டு முடிந்து விளம்பரமும் முடிகிற நேரம் இருக்கும். அக்கரைப் பண்ணையின் காவலாளி வாசலுக்கு வந்தவன், பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு அவள் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, கையால் அழுத்திச் சாத்தினாள்.

அவள் பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் திரும்பினாள். நான் லாரியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே பட்டறைக்கு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருவாளா என்று நின்ற நிற்பில் எனக்கு வயதாகிவிட்டது. வெயில் சாய்வதற்குள் வண்டி வந்தது. சிமென்ட் தரையில் நிறுத்திவிட்டு இறங்கினாள். சேலையின் ஓரம் நனைந்திருந்தது. வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நேராகக் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள்.

நான் பார்த்தேன். அண்ணனும் தன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரிய டயர்களின் மேல், அவ்வளவு உயரத்தில், வண்டி ஒற்றைப் புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்றது. அண்ணன் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். டேப்பைப் பிடிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் பிடித்தேன். டிரைவர் பக்கம் உயரம், அந்தத் தகடு எவ்வளவு தூக்குமோ அவ்வளவு உயரம்.

"புருவம் ஏறிடுச்சா?" என்று குழாயடியிலிருந்தே கேட்டாள்.

ஏறிவிட்டது என்றேன்.

அவள் வந்து கதவைத் திறந்தாள். தலையணையை எடுத்து வெளியே என் கையில் கொடுத்தாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அதை நகர்த்துகிற கம்பியை இழுத்தாள். வெள்ளத் தண்ணீரில் துருப்பிடித்த கம்பி, நகரவில்லை. நான் உதவப் போனேன், வேண்டாம் என்றாள். இரண்டு கையாலும் இழுத்து, காலை ஊன்றி ஒரு எம்பு எம்பினாள். கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு சீட் முன்னால் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள், நடுவாக, முதுகு சாய்த்து. கால் பெடலுக்கு நன்றாக எட்டியது.

"இப்ப எனக்கு அளவெடு."

எடுத்தேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

"சமமா இருக்கா?"

"இல்லக்கா. உன் பக்கம் தூக்கிட்டுத்தான் நிக்குது. உன் கனம் பத்தல."

அவள் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாகப் பட்டறைச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்ப அந்தத் தகட்ட எடுத்துடு," என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அக்கா அழுதாள்.